கண்ணீரை நிறுத்திய குளிசை

எங்கள் வீட்டுக்கும் ராத்தாவின் வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஓரிடம் மட்டும் தாழ்வாக இருக்கும். கட்டும்போதே அந்த இடத்தில் மூன்று வரிக் கல்லைக் குறைக்கச் சொன்னவள் என் கூடப்பிறந்த மூத்தவள், என் ராத்தாதான். கறிக்கோப்பை கைமாற வசதி என்றாள். கோப்பையும் மாறியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் சமைக்கும் குசினியின் யன்னலில் நின்றால் அந்தத் தாழ்வுக்கு மேலால் என் விறாந்தை முழுவதும் தெரியும். நான் எத்தனை மணிக்கு எழும்பினேன், முற்றம் கூட்டினேனா, யார் வந்தார், வந்தவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் வீடு கட்டித் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ராத்தா பெற்றது மூன்றும் பெண். ஒருத்தி அதே வீட்டில், மற்ற இருவரும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். நான் பெற்றது இரண்டும் ஆண். ஒருவன் நற்பிட்டிமுனையில் பெண்டாட்டி வீட்டில் இருக்கிறான். மற்றவன் கட்டாரில் வேலைக்கு. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் போன் எடுத்து, "உம்மா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்கள். ஆண்பிள்ளை மட்டும் பெற்றவளுக்கு நோய் வருத்தம் வந்தால் மதிலுக்கு அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருத்தம் ஐம்பதாவது வயதில் வந்தது. இடது மார்பில் கட்டி. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது என்று மார்பையே எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், பிறகு கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், பிடித்தார்கள். அந்த ஒரு வருடமும் என்னைக் கழுவித் துடைத்தது ராத்தா. நான் சத்தி எடுத்த பேசினைக் கொண்டுபோய் ஊற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் வந்து நிற்பாள். அவளும் சீனி வருத்தக்காரி, கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன். இனி அவளைப் பற்றி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதுவும் பக்கத்தில் இருக்கட்டும்.

சிகிச்சை எல்லாம் முடிந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்ன நாளில் ராத்தா தெருவுக்கே பாற்சோறு பங்கிட்டாள். அவளைப் பொறுத்தவரையில் வருத்தம் அன்றோடு முடிந்தது. முடியாமல் கிடந்தது களைப்பு.

களைப்பு என்று சொன்னால் யாருக்கும் விளங்காது, ஏனென்றால் எல்லாரும் தங்களுக்கும் அது இருக்கிறது என்று நினைக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வயல் செய்கிறவர். வட்டையிலிருந்து வந்து ஒரு தேத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் சாய்ந்தால் அவருடைய களைப்பு போய்விடும். என்னுடையது நித்திரையால் போகாதது. விடிய எழும்பும்போதே நாள் முழுக்க நெல் மூட்டை தூக்கினவளாக எழும்புவேன். புதிதாக முளைத்த மயிர் விரல் நீளம்தான். அதைச் சீவுவதற்குள் இரண்டு தரம் கையைக் கீழே போட்டு ஆற வேண்டும். உள்ளி ஐந்து பல்லு உரித்தால் ஆறாவதை உரிக்கக் கண் இருட்டும். தொழுகையும் கதிரையில் உட்கார்ந்தபடிதான். கதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒன்பது அடி தூரம், அதற்குள் ஓரிடத்தில் சுவரில் கை ஊன்றி நிற்பேன். நின்று நின்று அந்த இடத்தில் பெயின்ட் கறுத்துப்போயிற்று.

ஏலாதபோது அழுகை வந்தது. காகம் கத்தினால் அழுகை, போன் வராவிட்டால் அழுகை, வந்தாலும் அழுகை. ராத்தா யன்னலில் நின்று பார்ப்பாள். கண்ணீரைக் கண்டால் கொஞ்ச நேரத்தில் மதிலில் கோப்பை வரும். சோறு, மீன் ஆணம், கீரைச் சுண்டல், மேலே இன்னொரு கோப்பை கவிழ்த்து. "அழாத புள்ள. ஏலாட்டிப் படு. நான் ஆக்குறன்தானே" என்பாள். அழாத நாளில் பதினொரு மணி வரைக்கும் பார்த்துவிட்டு, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டால் கோப்பை வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. கண்டுபிடித்த பிறகு, அழுகை வந்தால் உள்ளறைக்குப் போகாமல் விறாந்தையில் இருந்து அழுதேன். கண்ணீரில் பொய் இல்லை. அழுத இடத்தைத்தான் நான் தெரிந்தெடுத்தேன்.

வருத்தம் வந்த வருடம் நோன்பு முழுவதும் தவறியது. மருந்து ஏற்றுகிறவளிடம் அதை யார் கேட்பார். அடுத்த வருட நோன்பும் தவறியபோதுதான் பார்வைகள் வந்தன. மயிர் முளைத்து, முகத்தில் சதை வைத்து, பகலில் தண்ணீர் குடிக்கிற பெண்ணாக நான் இருந்தேன். முதல் நோன்பன்று ராத்தா மதிலால் கஞ்சி நீட்டும்போது என் கண்ணைத்தான் பார்த்தாள். கண் நனைந்திருந்தது. "சரி, பொறகு கழாப் புடிப்பம்" என்றாள். தவறிய நோன்பைப் பிறகொரு நாளில் திருப்பிப் பிடிப்பது கழா. புடிப்பம் என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னாள். பிடிக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

பெருநாள் கழிந்து கிளினிக்குக்குப் போனேன். டொக்டருக்கு என் மூத்த மகன் வயதிருக்கும். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. களைப்பைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டேன். இரத்தம் சோதித்துப் பார்த்தார், குறைவு ஒன்றும் இல்லை. ஒரு மாத்திரையின் பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

"அம்மா, இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற குளிசை. உங்களப் போல கேன்சர் சுகமான பிறகு களைப்போட இருக்கிற ஆக்களுக்கும் குடுத்துப் பாக்கிறது. களைப்புக்குக் கேக்கும் எண்டு நான் உறுதி சொல்ல மாட்டன். அழுகைக்குக் கேக்கும். போட்டுப் பாப்பம்."

அவர் எல்லாவற்றையும் நேர்மையாகச் சொன்னார். அதில் களைப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஓட்டோவில் வரும்போது என் வீட்டுக்காரரிடம், "களைப்புக்குக் குளிச தந்திரிக்காரு" என்றேன். சொல்லும்போதே பாதிக் களைப்புப் போனதாக இருந்தது.

ராத்தாவிடமும் அப்படியே சொன்னேன். அவளுடைய மூத்த மகள் குளிசைக் கார்டை வாங்கி, அதில் இருந்த பெயரைப் போனில் அடித்துப் பார்த்தாள். பிறகு போனைத் தன் உம்மாவின் பக்கம் திருப்பி, "இது மனவருத்தக்காரருக்குக் குடுக்கிற உம்மா" என்றாள். ராத்தா கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"அப்ப ஒண்ட வருத்தம் ஒடம்புல இல்ல" என்றாள்.

"ஒடம்புலதான் ராத்தா. இது அதுக்கும் குடுக்கிற."

"டொக்டர் படிச்சவரு. ஒடம்புல எண்டா ஒடம்புக்குத் தந்திருப்பாரு."

கார்டைத் திருப்பி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவள் வெளியில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, மகளையும் விடவிடவில்லை. அந்த விஷயத்தில் அவளை நம்பலாம். பைத்தியக் குளிசை என்று ஊர் பேசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஊர் எனக்குச் சோறு தரவில்லை.

முதல் கிழமை குமட்டலும் காய்ந்த வாயும். ஒரு மாதம் போனது. அழுகை எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நற்பிட்டிமுனையில் பேரன் மரத்தால் விழுந்து கை முறிந்தது என்று போன் வந்தது. "கட்டுப் போட்டாச்சா? எந்தக் கை?" என்று கேட்டுவிட்டு வைத்த பிறகுதான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

நல்லாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நெஞ்சில் எந்த நேரமும் கிடந்த ஈரத்துணியை யாரோ எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். சாவு, மௌத்து என்ற நினைப்பு வந்தாலும் வந்தபடியே போனது. மீன்காரனின் ஹோர்ன் கேட்டால் முன்பெல்லாம் நெஞ்சு பதறும். இப்போது என்ன மீன் என்று அறிய ஆசை வந்தது. கேட்பதற்கு எழும்பினேன். நான் வாசலை அடைவதற்குள் அவன் இரண்டு தெரு தாண்டிவிட்டான். களைப்பு ஒரு சொட்டும் குறையவில்லை.

கண்ணீர் நின்றதைக் கண்டு பத்து நாளில் கோப்பை நின்றது.

"இண்டைக்கு என்ன கறி?" என்று மதிலால் கேட்டாள்.

"இன்னும் ஒண்டும் ஆக்கல்ல ராத்தா. ஏலாம இரிக்கி."

அவள் மதிலில் கையை ஊன்றி என் முகத்தைத் தேடினாள். "முகம் நல்லாத்தானே இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ். மருந்து கேட்டிரிக்கி."

"அழுகைக்குத்தான் கேட்ட. களைப்புக்குக் கேக்கல்ல."

"ஒரே குளிசதானே" என்றாள்.

போய்விட்டாள். குளிசை மனத்துக்கு உரியது, அதனால் வருத்தம் மனத்தில். அழுகை நின்றது, அதனால் மனம் சுகம். மனம் சுகம் என்றால் நான் சுகம். ஏழாம் வகுப்போடு நின்றவள் என் ராத்தா. எனக்கு எதிராக இவ்வளவு சுத்தமாக ஒரு வக்கீலும் பேசியிருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். அவர் என் கண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பயந்து போயிருந்த மனிதர். காய்ந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் ஒரு நாள் இறால் வாங்கி வந்தார். ஒன்றரைக் கிலோ, தோலோடு. பேசினில் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டு, "ஒண்ட கையால திண்டு கன நாளாச்சி" என்றார். உரித்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது கடைசி இறாலை உரித்தேன். ஆக்கி இறக்கிவிட்டு, அறைக்குப் போக ஏலாமல் குசினித் தரையிலேயே படுத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டு, தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. நான் தரையில் கிடந்து அழுதிருந்தால் அவர் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். காய்ந்த கண்ணோடு படுத்திருக்கிறவளை, சீமெந்துத் தரை குளிர்ச்சி என்று படுத்திருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது றஜப் மாதம் பிறந்தது. எங்கள் தெருப் பெண்கள் தவறிய நோன்புகளை றஜபிலும் ஷஃபானிலும் பேசிவைத்துச் சேர்ந்து பிடித்து முடிப்பார்கள். யார் எத்தனை முடித்தாள் என்ற செய்தி எனக்கு மதிலால் வரும். றஜப் முதல் நாளே ராத்தா விரல் விட்டுப் பார்த்து, இரண்டு வருட நோன்பும் இந்த இரண்டு மாதத்துக்குள் அப்படியே அடங்குகிறது என்று கண்டுபிடித்தாள். ஒரு நாள் விடாமல் பிடித்தால் போதும் என்று சந்தோஷப்பட்டாள்.

"ராத்தா, எனக்கு ஏலா."

"கழுத்துல நோம்ப வெச்சிட்டா மௌத்தாகப் போற?"

அவளுடைய பயம் அதுதான். என் உடம்புக்கு என்ன நடந்தாலும் அவள் கழுவித் துடைத்துவிடுவாள். அந்த நோன்புகளை மட்டும் அவளால் எனக்காகத் துடைக்க முடியாது. அந்தப் பயத்தால்தான் அவள் என்னை விரட்டினாள் என்று தெரிந்தும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை பிடித்துப் பார்த்தேன். லுஹருக்கு முந்தியே குழாயடியில் குந்திவிட்டேன், கண் தெரியவில்லை. அங்கேயே கையில் ஏந்தித் தண்ணீர் குடித்தேன். ராத்தா யன்னலில் நின்றாள். யன்னலைச் சாத்தினாள்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்காரர் மௌலவிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நானும் ராத்தாவும் இரண்டு பக்கமும் இருந்தோம். மௌலவி அவரை அண்ணன் முறை வைத்து நிதானமாகச் சொன்னார்: "காக்கா, சுகம் வரும் எண்டு நம்பிக்கை இரிக்கிற நோயாளிக்குக் கழாதான். அவசரம் இல்ல, ஏலுமான நேரம் புடிக்கட்டும். இனிச் சுகமே வராது எண்டு டொக்டர்மார் சொன்னவங்களுக்குத்தான் ஃபித்யா. ஒரு நோம்புக்கு ஒரு ஏழைட சாப்பாட்டுக்குக் காணுற அரிசி." நான் ஏலுமான நேரம் என்பதைப் பிடித்துக்கொண்டேன். ராத்தா கழாதான் என்பதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே உம்மாவின் பிள்ளைகள்தான்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என்னை ஏலாதவள் என்று நம்ப வைப்பதற்கு ஒரே வழி, நான் இனிச் சுகமாகவே மாட்டேன் என்று ஒருவர் சொல்வது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அதையே கேட்டேன். "இந்தக் களைப்பு இனிச் சுகமாகாது எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க டொக்டர்."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அப்பிடிச் சொல்லாதீங்க அம்மா. குளிசை மனசுக்குக் கேட்டிருக்கு. களைப்புக்குக் கேக்கல்ல, அது வேற. ஆனா கன பேருக்கு மெல்ல மெல்லக் குறையும். ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் நடங்க. நோன்பு இப்போதைக்கு வேணாம் எண்டு எழுதித் தாறன். நம்பிக்கைய மட்டும் விடாதீங்க."

எவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த அன்பை அவருடைய மேசை லாச்சிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வர வேண்டும் போலிருந்தது. அவர் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அதைத் தூக்கிக்கொண்டு மதிலுக்குப் பக்கத்தில் வாழப்போகிறவள் நான்.

ராத்தாவின் மகள் துண்டை வாசித்துச் சொன்னாள். "இப்போதைக்கு எண்டுதானே போட்டிரிக்கி" என்றாள் ராத்தா. "இப்போதைக்கு எண்டா பொறகு சுகம் வரும் எண்டுதான்." அடுத்த நாளிலிருந்து நான் மாமரத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தேன், டொக்டர் சொன்னபடி. முடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் படுப்பேன். யன்னலில் நின்றவளுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் தெரிந்தது. மூன்றாம் நாள், "நடக்க ஏலுது" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

நான் மதிலுக்குப் போனேன். சத்தம் போட எனக்குச் சக்தி இல்லை, அதனால் மெதுவாகச் சொன்னேன்.

"ராத்தா, நான் இனிச் சுகமாக மாட்டன். டொக்டர் சும்மா சொல்லுறாரு. நான் இப்பிடியே கிடந்து மௌத்தாகிப் போவன். அத மட்டும் நம்புங்க, எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

அவள் வழக்கம்போல என் கண்ணைப் பார்த்தாள். கண் காய்ந்திருந்தது. இப்படி ஒரு சொல்லை அழாமல் சொல்கிறவளை அவள் அதற்கு முன்பு கண்டதில்லை. அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். என்ன மாறியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஐந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பின் தெருவில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண் வந்தாள். புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள். எனக்கு அதிகம் பழக்கமில்லை. கதிரையைக் காட்டினேன், உட்காராமல் தரையில் என் காலடியில் இருந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னையும் ராத்தா என்றே கூப்பிட்டு அழத் தொடங்கினாள்.

"ஒங்கட ராத்தா ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருந்தாங்க. ஒங்கட பேருல ஃபித்யா, ரெண்டு வருசத்துக்கும் எண்டு. இந்த வயசில ஒங்களுக்கு இப்பிடி எழுதியிரிக்கே ராத்தா. அல்லாஹ் லேசாக்கி வெக்கட்டும். கலிமாவோட போகணும் எண்டு ஒவ்வொரு தொழுகைக்கும் கேக்கிறன்."

இதைத்தானே நான் கேட்டேன். என்னை நம்ப வேண்டும் என்று கேட்டேன். நம்பிவிட்டார்கள். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுத்து, நல்ல மௌத்துக்கு ஆளும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். என் கையில் அந்தப் பெண்ணின் கண்ணீர் விழுந்தது. எனக்கு இல்லாத கண்ணீர் அவளிடம் தாராளமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்ட வேண்டிய ஆள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கைக்கு எட்டியவள் இவள்.

"அந்த அரிசியத் திருப்பிக் கொண்டு வா" என்றேன்.

"ராத்தா?"

"நான் இன்னும் மௌத்தாகல்ல. எண்ட பேருல தந்த அரிசிதானே. கொண்டு வா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். "பாதி அரைச்சிட்டன் ராத்தா, இடியப்பத்துக்கு. மிச்சத்த நாளைக்குக் கொண்டு வாறன்" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாதவள்.

அன்றைக்கே நான் அடுத்த நாள் நோன்பு பிடிப்பதாக மனத்தில் உறுதி எடுத்து நிய்யத்து வைத்தேன். இது வணக்கம், இபாதத்து என்று சொன்னால் அல்லாஹ் என்னை மன்னிக்க மாட்டான். ராத்தாவின் அரிசியைப் பொய்யாக்க வேண்டும், அவ்வளவுதான் என் மனத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் அரை மூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். இறக்கி வைக்கும்போது மூச்சு வாங்கினாள். நான் கதிரையில் இருந்தபடி, "அந்த மூலையில வை" என்றேன். ஏழையின் அரிசியைத் திருப்பி வாங்கினவள் நான். என் மார்பை எடுத்த நாளைவிட அந்தக் காலையை நினைக்க எனக்கு வெட்கம். வெட்கம் இருந்தது; அழுகை அதற்கும் வரவில்லை.

அரிசி மூட்டையையும் என்னையும் ராத்தாவின் யன்னலுக்கு நேரே வைத்துக்கொண்டு நாள் முழுவதும் இருந்தேன். நடக்கவில்லை, ஆக்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. தொழுகையும் அதே கதிரையில். லுஹருக்குப் பிறகு கை விரல்கள் என்னுடையவை இல்லை என்று தோன்றியது. அஸருக்குப் பிறகு மதில் இரண்டாகத் தெரிந்தது. கோபம் மட்டும் முதுகைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தது. நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னபோது அதுவும் இறங்கிப் போனது. பேரீச்சம்பழத்தை என் வீட்டுக்காரர்தான் வாயில் வைத்தார்.

அப்போது ராத்தா வந்தாள். மதிலால் நீட்டாமல், தெருவைச் சுற்றி வீங்கின காலோடு நடந்து, கஞ்சிக் கோப்பையோடு வந்தாள். நக்கல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் முழுவதும் கண்ணீராக இருந்தது.

"ஏலும்தானே" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ். அந்த அரிசிய அனுப்பக்குள்ள எண்ட ஈரல் வெந்திச்சி புள்ள. அஞ்சு நாளா எனக்கு நித்திர இல்ல. நீ போகப் போறாய் எண்டு நெனச்சிட்டன். கண்டயா, ஒனக்கு ஏலும்."

கோப்பையை என் கையில் வைத்தாள். விரல் மூடவில்லை. அவளே என் விரல்களை ஒவ்வொன்றாகக் கோப்பையைச் சுற்றி மடித்துவிட்டாள். "ராத்தா, ஏலா" என்றேன். குரல் வெளியே வரவில்லை, கஞ்சியின் மேல் போய் விழுந்தது.

அழுதால் விளங்கிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். ஒரு சொட்டுப் போதும். பக்கத்தில் இருக்கிறாள், கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் முயற்சி செய்தேன். எடுத்த மார்பை நினைத்தேன். கட்டாரில் இருக்கிறவனை நினைத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணை நினைத்தேன். கண் கல்லாக இருந்தது. குளிசை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். மூலையில் இருந்த அரிசியைப் பார்த்து, அதை அந்தப் பெண்ணிடமே திருப்பி அனுப்ப வேண்டும், நான் சுகமானதற்குத் தர்மமாக, சதக்காவாக இருக்கட்டும் என்றாள். வாசலில் செருப்பைப் போடும்போது என் வீட்டுக்காரரின் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், நாளைக்கும் நோம்பு புடிக்க விடியமுந்திச் சஹருக்கு எழுப்பி விடுங்க. விட்டா சோம்பிப் போயிருவா."

அவர் எழுப்பிவிட்டார்.